லிங்கனின் கடை ஏன் மூழ்கியது? நியூ சேலம் பொதுக்கடைகளின் கணக்கு வழக்கு

ஆபிரகாம் லிங்கன் இளவயதில் கடை வைத்து நொடித்துப்போன கதையைத் தமிழில் பல விதமாகச் சொல்கிறார்கள். கூட்டாளி குடிகாரர், லிங்கன் எந்நேரமும் புத்தகமும் கையுமாகக் கிடந்தார், அதனால் கடை போயிற்று என்பது ஒன்று. ஒரு பெண்ணிடம் தவறுதலாக 6¼ சென்ட் கூடுதலாக வாங்கிவிட்டு, கடையைப் பூட்டியதும் மைல் கணக்கில் நடந்து போய்த் திருப்பிக் கொடுத்தார் என்பது இன்னொன்று.

படிப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. கால் சென்ட் என்று ஒரு காசு உண்டா? அலமாரியில் சரக்கும் எதிரில் வாடிக்கையாளரும் இருந்த சிறிய கடை, ஆயிரம் டாலருக்கு மேல் கடனில் முடிந்தது எப்படி? 25 ஆண்டு கழித்துத் தேர்தல் மேடையில், தான் மளிகைக்கடை நடத்தியதே இல்லை என்று லிங்கன் ஏன் சொன்னார்?

மூன்றுக்கும் விடை, அமெரிக்கக் குடியேற்ற எல்லையில், அதாவது மக்கள் புதிதாகக் குடியேறிக்கொண்டிருந்த மேற்குப் பகுதியில், இருந்த பொதுக்கடை எப்படி இயங்கியது என்பதில் இருக்கிறது. ஆட்களின் குணத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கதை பிடிபடாது. கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஊர் முதலில் வந்ததா, கடை முதலில் வந்ததா?

நியூ சேலம் இல்லினாய் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வடமேற்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவில், சாங்கமன் ஆற்றை ஒட்டிய மேட்டில் இருந்த சிற்றூர். ஜேம்ஸ் ரட்லெட்ஜும் ஜான் கேம்ரனும் ஆற்றின் குறுக்கே அணை கட்டி ஆலை வைத்தார்கள். 1829-இல் மேட்டு நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். ஊர் உச்சத்தில் இருந்தபோதும் ஏறக்குறைய 25 குடும்பங்கள்தான்.

அவ்வளவு சிறிய ஊருக்குக் கடை எதற்கு? ஆலைக்காக. சுற்றுவட்டார விவசாயி சோள மூட்டையைக் குதிரைமேல் போட்டுக்கொண்டு அரைக்க வருவார். அவர் முறை வர நேரமாகும். காத்திருக்கும் அந்த நேரத்தில் குதிரைக்கு லாடம் அடிப்பார், உப்பு வாங்குவார், ஊர்ச் செய்தி கேட்பார். கடைக்காரரின் உண்மையான வாடிக்கை ஊருக்குள் இல்லை, இந்த ஆலைப் பாதையில் இருந்தது. சாமுவேல் ஹில், ஜான் மெக்னீல் இருவரும் 1829-இலேயே கடை போட்டுவிட்டார்கள்.

1831 ஏப்ரலில் டென்டன் ஆஃபட் என்ற வியாபாரியின் தட்டைப்படகு இந்த அணையில் சிக்கியது. சரக்கோடு நியூ ஆர்லியன்ஸ் போய்க்கொண்டிருந்த படகு அது. ஓட்டிச் சென்றவர்களில் 22 வயது லிங்கனும் ஒருவர். இடத்தைப் பார்த்த ஆஃபட்டுக்கு இங்கே கடை வைக்கலாம் என்று தோன்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கடை திறந்தார், லிங்கனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். 1832 வசந்தத்துக்குள் அந்தக் கடை முடிந்தது. ஆஃபட் கைக்கு மீறிப் பல தொழிலில் கால் வைத்திருந்தார்.

கடைக்குள் என்ன இருந்தது

விவசாயி தன் நிலத்திலோ காட்டிலோ உண்டாக்க முடியாதவை எல்லாம் இருந்தன. உப்பு, காப்பி, தேயிலை, சர்க்கரை, சீட்டித்துணி, ஊசி, அவுரிச் சாயம், வெடிமருந்து, ஈயம், ஆணி, கோடரி, ஜன்னல் கண்ணாடி, பீங்கான், புகையிலை, சாராயம். ஒரே கூரைக்கடியில் இத்தனையும் இருந்ததால்தான் அது பொதுக்கடை.

பொட்டலம் என்ற பேச்சே கிடையாது. உப்பும் சாராயமும் பீப்பாயில் வரும். காப்பி வறுக்காத பச்சைக் கொட்டையாக வரும், வறுப்பதும் இடிப்பதும் வீட்டு வேலை. சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக வரும், வெட்டி நிறுத்துத் தர வேண்டும். ஆணி எண்ணிக்கைக்கு அல்ல, எடைக்கு. இப்படிப் பட்டவர்த்தனமாக வைத்து விற்கும் சரக்கில் சிந்துவது, உறிஞ்சுவது, நமத்துப்போவது, எலி தின்பது எல்லாம் கடைக்காரர் தலையில். எடைத் தட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு துளி கை தாராளமானால் பீப்பாயின் அடிக்கு வரும்போது லாபம் இருக்காது.

6¼ சென்ட் என்ற காசு

நம்மவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓரணா என்பது 6¼ காசு, இரண்டணா 12½, மூன்றணா 18¾. ரூபாயை 16-ஆகப் பிரித்த கணக்கு 1957-இல் நூறாக மாறியபோது நம் கடைகளில் இதே பின்னங்களோடு மல்லுக்கட்டினார்கள்.

அமெரிக்காவிலும் அதே கதைதான். டாலர் என்பது 100 சென்ட் என்று சட்டம் சொன்னாலும், உள்நாட்டில் கைக்குக் கை மாறிய வெள்ளி பெரும்பாலும் ஸ்பானிய, மெக்சிகோ நாணயம். ஸ்பானிய டாலரில் எட்டு ரியால். ஒரு ரியால் 12½ சென்ட், நம் கணக்கில் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு). அரை ரியால் 6¼ சென்ட், அதாவது வீசம் (பதினாறில் ஒரு பங்கு). ஆகவே 6¼ சென்ட் கற்பனைத் தொகை அல்ல, உள்ளங்கையில் வைத்துக் காட்டக்கூடிய வெள்ளிக்காசு. 1857-இல் ஒரு சட்டம் வந்து நிறுத்தும்வரை இந்த அயல்நாட்டு நாணயங்கள் அங்கே செல்லுபடியாயின. லிங்கன் நடந்த கதை நடந்ததோ இல்லையோ, அதில் வரும் தொகை அந்தக் காலத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது.

காசு ஏன் இல்லை?

நாணயம் இருந்தது, ஆனால் ஊரில் தங்கவில்லை. முக்கியக் காரணம் நிலம். அரசு நிலத்தின் விலை ஏக்கருக்கு 1.25 டாலர். 1820 சட்டப்படி கடனுக்குக் கிடையாது, ரொக்கம் வேண்டும். குறைந்தது 80 ஏக்கர் வாங்க வேண்டும், அதாவது 100 டாலர். (1832-இல் இதை 40 ஏக்கராகக் குறைத்தார்கள்.) குடியேறியவர் பல ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளி ஸ்பிரிங்ஃபீல்டு நில அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து வெளியூர் போய்விடும். மாநில வங்கி அடித்த காகிதப் பணம் 1820-களில் மதிப்பிழந்து, மக்கள் அதை நம்பாமலும் போயிருந்தார்கள்.

கையில் வெள்ளி இருப்பவர் அதை உப்புக்குச் செலவழிக்க மாட்டார், நிலத்துக்குப் பத்திரப்படுத்துவார். அவருக்கு உப்பும் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பியதுதான் கடைக்காரரின் பேரேடு.

சிட்டையும் பேரேடும்

வைத்த புத்தகங்கள் இரண்டு வகை. அன்றாடம் நடப்பதை நடந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து, ஒரு பக்கம் பற்றும் மறுபக்கம் வரவுமாக ஏற்றுவது பேரேடு.

ஒரு விவசாயியின் பக்கத்தை உதாரணமாக எடுப்போம் (தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை). மார்ச்சில் உப்பு, கோடரி, சீட்டித்துணி வாங்குகிறார்: பற்று 4 டாலர். மே மாதம் அவர் மனைவி முட்டையும் வெண்ணெயும் கொண்டுவருகிறார்: வரவு 75 சென்ட். ஜூனில் காப்பி, வெடிமருந்து: பற்று 2 டாலர். அக்டோபரில் தேன்மெழுகும் மான்தோலும்: வரவு 2.50. ஆண்டுக் கடைசியில் நிலுவை 2.75 டாலர். பத்து மாதக் கணக்கில் ஒரு காசுகூட மேசையில் விழவில்லை.

வரவுப் பக்கத்தில்தான் கடைக்காரரின் சாமர்த்தியம் தெரியும். மெழுகு, இறகு, ரோமத்தோல் வந்தால் நிம்மதி: கெடாது, எடை குறைவு, விலை அதிகம், செயின்ட் லூயிஸில் எடுப்பார் உண்டு. வெண்ணெய் வந்தால் தலைவலி. ஒருத்தி நன்றாக மோர் பிழிந்து உப்பிட்டுக் கொண்டுவருவாள், இன்னொருத்தியின் வெண்ணெய் இரண்டு நாளில் காறும். ஆனால் முகத்துக்கு எதிரே குறைத்துப் பேசினால் அந்தக் குடும்பத்தின் வாடிக்கையே எதிர்க்கடைக்குப் போய்விடும். எல்லோருக்கும் ஒரே விலை கொடுத்து ஒரே பீப்பாயில் அடைப்பார். மொத்தமும் மட்ட வெண்ணெய் விலைக்குத்தான் போகும்.

சோளம் இன்னொரு சிக்கல். மலிவான பாரம். வண்டிக்கூலி அதன் விலையையே தின்றுவிடும். சோளம் சாராயமாகவும் பன்றியாகவும் மாறியதற்குக் காரணம் இதுதான். குதிரை ஒன்று நான்கு புஷல் தானியம் சுமக்கும், சாராயமாக்கினால் 24 புஷல் தானியத்தின் மதிப்பைச் சுமக்கும் என்பது அக்காலத்துக் கணக்கு. பன்றியோ தன் காலால் நடந்தே சந்தைக்குப் போகும்.

கடன் எங்கே அறுந்தது

கடைக்காரரும் கடனில்தான் வாங்கினார். பெரிய வியாபாரிகள் ஆண்டுக்கு ஓரிரு முறை ஃபிலடெல்ஃபியா போன்ற கிழக்குக் கரை நகரங்களுக்கும், சிறியவர்கள் செயின்ட் லூயிஸுக்கும் போய்க் கொள்முதல் செய்தார்கள். மொத்த வியாபாரி ஆறு மாதம், சில சமயம் ஓராண்டு தவணை தருவார். அதற்கு அத்தாட்சியாகக் கடைக்காரர் கையெழுத்திட்டுக் கொடுப்பது புரோநோட்டு.

ஆபத்து இப்படி வரும்:

1. கடைக்காரர் எழுதிக் கொடுத்த நோட்டுக்குத் தேதி உண்டு. பேரேட்டில் இருக்கும் வாடிக்கையாளரின் நிலுவைக்குத் தேதி இல்லை. அறுவடையும் பன்றி வெட்டும் முடிந்தால்தான் அது வரும், அதுவும் வெண்ணெயாக வரலாம்.

2. நோட்டு கைமாறும். வாங்கியவர் அதன் முதுகில் கையெழுத்திட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அந்த மூன்றாம் ஆளுக்குக் கடைக்காரரோடு பழக்கமில்லை, தயவும் கிடையாது.

3. பேரேட்டு நிலுவை அப்படிக் கைமாறாது. வாடிக்கையாளர் இரவோடிரவாக மேற்கே குடிபெயர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் வெறும் காகிதம். குடியேற்ற எல்லையில் இது அடிக்கடி நடந்தது.

4. கூட்டு வியாபாரத்தில் பங்கு பாதியானாலும் பொறுப்பு பாதியாவதில்லை. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் எந்தக் கூட்டாளியிடமும் கேட்கலாம்.

பெரி–லிங்கன் கடை, படிப்படியாக

1832 ஆகஸ்டில் சட்டமன்றத் தேர்தலில் தோற்ற லிங்கனுக்கு வேலை இல்லை. ஹெர்ன்டன் சகோதரர்கள் தங்கள் கடையை விட்டுப் போக நினைத்தார்கள். ஒருவரின் பங்கை வில்லியம் பெரி வாங்கினார். மற்றவரான ரோவன் ஹெர்ன்டனின் பங்கை லிங்கன் வாங்கினார். ரொக்கம் இல்லை, நோட்டு எழுதிக் கொடுத்தார்.

1833 ஜனவரியில் ரூபன் ராட்ஃபர்ட் என்பவரின் கடையை க்ளேரிஸ் க்ரோவ் பகுதி முரட்டு இளைஞர்கள் சூறையாடினார்கள். மனம் வெறுத்த ராட்ஃபர்ட், வில்லியம் க்ரீன் என்ற இளைஞருக்கு 400 டாலருக்குக் கடையை விற்றார், பெரும்பகுதி நோட்டாகவே. க்ரீன் உடனே அதைப் பெரியிடமும் லிங்கனிடமும் தள்ளிவிட்டார். விலை: 265 டாலர் ரொக்கம், ராட்ஃபர்டுக்குக் க்ரீன் தர வேண்டிய நோட்டுகளின் பொறுப்பு, கூட ஒரு குதிரை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 25 குடும்பம்கூட நிறையாத ஊரில் இரண்டு கடைகளின் சரக்கு ஒரே கடைக்குள் வந்துவிட்டது. சரக்கு இரட்டித்தால் விற்பனை இரட்டிக்குமா? ஆலைக்கு வரும் விவசாயிகள் அதே ஆட்கள்தான். அவர்களில் பலருக்கு ஹில்லின் பேரேட்டில் ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தது. நிலுவை வைத்திருக்கும் கடையை விட்டு ஒருவர் எளிதில் மாற முடியாது. இருந்த ரொக்கமும் க்ரீனுக்குப் போய்விட்டதால் புதுச் சரக்கு எடுக்க வழியில்லை. உப்பும் காப்பியும் முதலில் தீரும், விற்காத பீங்கானும் துணியும் அலமாரியில் நிற்கும். பெரியின் குடியும் லிங்கனின் வாசிப்பும் உண்மையாகவே இருக்கட்டும். இருவரும் காலையிலிருந்து இரவுவரை கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு தேறியிருக்காது என்றே நான் கருதுகிறேன்.

மது உரிமமும் ‘மளிகை’ என்ற சொல்லும்

1833 மார்ச் 6 அன்று பெரி–லிங்கன் பெயரில் விடுதி உரிமம் எடுத்தார்கள். கட்டணம் 7 டாலர், பிணைத்தொகை 300 டாலர். விலையையும் மாவட்ட நிர்வாகமே நிர்ணயித்தது: விஸ்கி அரை பைன்ட் 12½ சென்ட், பீச் பிராந்தி 18¾, பிரெஞ்சு பிராந்தி 25, ஒருவேளைச் சாப்பாடு 25, இரவு தங்க 12½. மேலே சொன்ன ரியால் கணக்கு அரசு ஆவணத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

உரிமம் எதற்கு? அன்றைய இல்லினாயில் ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) அளவுக்குக் குறையாமல், வீட்டுக்குக் கொண்டுபோக விற்பது எந்தக் கடைக்கும் இயல்பு. கோப்பையில் ஊற்றி அங்கேயே குடிக்கக் கொடுக்கத்தான் உரிமம். அப்படிக் கொடுத்த இடத்தை அந்தப் பகுதியில் ‘க்ரோசரி’ என்றார்கள். இன்று நாம் அதை மளிகை என்று பெயர்க்கிறோம், அன்று அங்கே அதற்குச் சாராயக்கடை என்று பொருள்.

1858 ஆகஸ்ட் 21, இல்லினாயின் ஒட்டாவா நகரில் நடந்த விவாதத்தில், செனட் தேர்தலில் லிங்கனை எதிர்த்த ஸ்டீஃபன் டக்ளஸ், லிங்கன் நியூ சேலத்தில் க்ரோசரி நடத்தியவர் என்று சொன்னது சாராயக்கடைக்காரர் என்ற பொருளில்தான். லிங்கன் அப்படி எங்குமே நடத்தியதில்லை என்று மறுத்தார். பொதுக்கடை வைத்திருந்ததை அவர் மறைக்கவில்லை. உரிமத்தில் பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் பிணைப்பத்திரத்தில் உள்ள லிங்கனின் கையொப்பம் அவர் கையெழுத்து அல்ல என்பது ஆய்வாளர்கள் கருத்து. சாராயம் ஊற்றும் யோசனை பெரியுடையது என்பதற்கு அது இடம் தருகிறது.

தபால்

1833 மே 7 அன்று லிங்கன் ஊர் அஞ்சல் அதிகாரியானார். கடையும் தபாலும் ஒன்றாக இருப்பது அக்காலத்தில் சாதாரணம், தபாலுக்கு வருபவர் உப்பும் வாங்குவார் என்பது கணக்கு. வாரம் ஒருமுறை குதிரையில் பை வரும். கட்டணம் தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் பொறுத்தது: ஒற்றைத்தாள் 30 மைலுக்குள் 6 சென்ட், 400 மைல் தாண்டினால் 25. உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகும் என்பதால் கடிதத்தையே மடித்து மெழுகு வைத்தார்கள். பெரும்பாலும் கட்டணம் செலுத்தியவர் கடிதம் பெறுபவர்தான். ஒருவேளைச் சாப்பாட்டின் விலை கொடுத்தால்தான் ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்க முடியும்.

வருமானம் ஆண்டுக்கு 50 டாலர் சுமாருக்குத்தான். கடையை அது தாங்கவில்லை. 1833-இலேயே கடை அணைந்துபோனது.

ஹில் எப்படி நின்றார்?

அதே ஊர், அதே ஆறு, அதே வாடிக்கையாளர்கள். ஹில்லுக்கு முதலில் வந்தவர் என்ற சாதகம் இருந்தது. பேரேடு நிறையக் குடும்பங்கள் இருந்தன. அதைவிட முக்கியமாக, 1835-இல் அவர் கம்பளி சிக்கெடுக்கும் ஆலை வைத்தார். எருதுகள் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தில் ஓடிய ஆலை அது. கூலியைக் கம்பளியாகவே கொடுக்கலாம். கம்பளி கெடாது, தொலைவிலும் விலைபோகும். வெண்ணெய்ப் பீப்பாயோடு போராடும் கடைக்காரருக்கும், கெடாத சரக்கு தானே தேடிவரும் கடைக்காரருக்கும் உள்ள தூரம் பெரிது.

எஞ்சிய நோட்டுகள்

ராட்ஃபர்டிடம் இருந்த நோட்டு பீட்டர் வான் பெர்கன் என்பவர் கைக்குப் போனது. அவர் வழக்குப் போட்டார். அப்போது நில அளவைத் தொழில் செய்துகொண்டிருந்த லிங்கனின் குதிரை, சேணம், அளவைக் கருவிகள் ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தன. பிழைப்பே போகும் நிலை. ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி 120 டாலருக்கு அவற்றை ஏலத்தில் எடுத்து லிங்கனிடமே திருப்பிக் கொடுத்தார்.

1835 ஜனவரியில் பெரி இறந்தார். அவர் பங்குக் கடனும் லிங்கன் தலையில் விழுந்தது. மொத்தம் 1,100 டாலர் அளவு. அதைத் ‘தேசியக் கடன்’ என்றே லிங்கன் குறிப்பிட்டார். குடியேற்ற எல்லையில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஊரைவிட்டு ஓடுவது வழக்கமாக இருந்தது. அவர் ஓடவில்லை. கடைசித் தொகையை நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டனில் இருந்த காலத்தில்தான் அடைத்தார் என்று பின்னாளில் அவரோடு வக்கீல் தொழில் செய்தவர் எழுதியிருக்கிறார். கடை திறந்து 15 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஊருக்கு என்ன ஆயிற்று

நியூ சேலம் கடைகள் எல்லாம் ஒரே நம்பிக்கையில் திறந்தவை: சாங்கமன் ஆற்றில் நீராவிப்படகு வரும், வண்டிக்கூலி விழும். 1832 மார்ச்சில் டாலிஸ்மன் என்ற படகு வந்தது. கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்ந்த கிளைகளைக் கோடரியால் வெட்டி வழி செய்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு அருகே வரை போயிற்று. ஒரு வாரத்தில் தண்ணீர் வடிந்தது. திரும்பும் வழியில் நியூ சேலம் அணையில் ஒரு பகுதியை உடைத்துத்தான் படகை இறக்க முடிந்தது. இறக்கியவர்களில் லிங்கனும் ரோவன் ஹெர்ன்டனும் இருந்தார்கள், கூலி ஆளுக்கு 40 டாலர். அதன்பின் நீராவிப்படகுப் போக்குவரத்து அந்த ஆற்றில் நிலைக்கவில்லை. அடுத்த சில மாதங்களில்தான் ஹெர்ன்டன் கடையை விற்றார், லிங்கன் வாங்கினார்.

இரண்டு மைல் தள்ளி பீட்டர்ஸ்பர்க் வளர்ந்தது. 1836 பிப்ரவரியில் அதன் மனைகளை அளந்து கொடுத்தவர் லிங்கன். அதே ஆண்டு மே மாதம் தபால் நிலையம் அங்கே போனது. 1839-இல் அது புதிய மெனார்டு மாவட்டத்தின் தலைநகரானதும் ஹில்லும் மற்றவர்களும் கிளம்பினார்கள். பல வீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்து வண்டியில் ஏற்றி அங்கே மறுபடி கட்டினார்கள். 1840 வாக்கில் மேடு காலி.

இன்று அங்கே காணும் கட்டடங்கள் பெரும்பாலும் 1930-களில் மறுபடி எழுப்பியவை, பெரி–லிங்கன் கடையும் அப்படித்தான். பழைய கட்டை மாறாமல் நிற்பது ஒன்றே ஒன்று: ஹென்றி ஆன்ஸ்டட் என்பவரின் பீப்பாய்ப் பட்டறை. பீட்டர்ஸ்பர்க்குக்குப் போயிருந்த அதை 1922-இல் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள்.